வானசாத்திரி எயரியும் பாதாளத்து ஊசலும்

விண்ணை அறிதல் எளிது. காலின் கீழுள்ள மண்ணை அறிதல் அரிது. இக்கூற்று முதலிற் கேட்போர்க்கு முரணாகத் தோன்றும். ஆயினும் உண்மை இதுவே. எண்ணிறந்த காதத் தொலைவிலே சுடரும் விண்மீனின் ஒளி யாதொரு தடையுமின்றி நம் கண்ணை வந்து சேர்கின்றது. நம் அடிக்கீழ் இருபது கிலோமீற்றர் ஆழத்திற் கிடக்கும் பாறையையோ, அது கிடக்கும் இடத்துக்கே சென்று கண்டார் ஒருவருமிலர். மனிதர் தோண்டிய துளைகளுள் மிக ஆழ்ந்தது இரசிய நாட்டுக் கோலாக் குடாநாட்டில் உள்ளது. அது 1989ஆம் ஆண்டிலே 12,262 மீற்றர் ஆழத்தை எட்டியது. பூமியின் நடுவிடமோ 6,371 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. இத்துணை முயன்றும் மாங்கனியின் தோலைக்கூட நாம் கீறி முடித்தோமல்லோம்.

நம் முன்னோர் கீழுலகங்களை ஏழென வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, அவற்றின் அடியிலே ஆதிசேடனை இருத்தினர். அது கற்பனை காட்டிய வழி. அளவை காட்டிய வழியே பாதாளத்தைத் துருவ முற்பட்டோருள் ஒருவர் ஜோர்ஜ் பிடெல் எயரி என்னும் ஆங்கிலேயர். வானத்தை நோக்குவதையே தொழிலாகக் கொண்ட அவர், ஊசல் ஒன்றைச் சுரங்கத்தினுள் இறக்கி, ஆழத்திலே பூமியின் ஈர்ப்பு மிகுமோ குறையுமோ என வினாவினார். இருமுறை தோற்றார், இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தார், மூன்றாம் முறை விடை பெற்றார்.

இன்று வானநூல் வரலாறு பயில்வோர் எயரியின் பெயரைப் பெரும்பாலும் ஒரு பழியோடு சேர்த்தே கேட்கின்றனர். நெப்தியூன் என்னும் கோளை முதலிற் காணும் புகழைத் தம் நாட்டுக்குக் கிடையாமற் செய்தவர் என்பதே அப்பழி. ஒருவர் நழுவவிட்டதை நினைந்து, அவர் பற்றி நின்றதை மறத்தல் நடுவுநிலைமை ஆகாது. ஆதலின் அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வறுமையும் கல்வியும்

எயரி 1801ஆம் ஆண்டு யூலை மாதம் 27ஆம் நாள், இங்கிலாந்தின் வடபாலுள்ள அன்னிக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் எயரி அரசாங்கத்துக்குரிய ஆயத்தீர்வையை அறவிடும் உத்தியோகத்தர். 1813ஆம் ஆண்டில் அவர் தம் உத்தியோகத்தை இழந்தார். குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. அக்காலத்திற் சிறுவனுக்குப் புகலிடமானவர் தாயின் உடன்பிறந்தவராகிய ஆர்தர் பிடெல். இப்ஸ்விச் நகருக்கு அண்மையில், பிளேபோர்ட் என்னும் சிற்றூரிலே வேளாண்மை செய்து வாழ்ந்த அவர், நல்ல நூல்களைத் தொகுத்து வைத்திருந்த அறிவாளர். மருகன் விடுமுறைதோறும் அம்மானின் நூல்களிடையே வளர்ந்தான். தாய்மாமன் வீடு சிறுவர்க்கு எத்துணை இனியது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கொல்செஸ்டர் நகரப் பாடசாலையிற் படித்த நாளில் எயரிக்கு இருவகைப் புகழ் உண்டாயிற்று. ஒன்று, பயறு வைத்து ஊதும் விளையாட்டுக் குழல்களைத் திருத்தமாகச் செய்யும் கைத்திறன். மற்றொன்று நினைவாற்றல். ஒரு தேர்வின்போது இலத்தீன் செய்யுள் 2,394 அடிகளை அவர் ஏடு நோக்காது ஒப்பித்தனர். நெட்டுருப் பண்ணுதலைப் பழிப்போர் இக்காலத்துப் பலர். கைத்திறனும் நினைவாற்றலும் ஒரே சிறுவனிடத்துக் கூடியிருந்தமை பின்னாளில் என்ன பயன் தந்தது என்பதை இவ்வரலாறு காட்டும்.

அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட தோமஸ் கிளார்க்சன் என்னும் பெருமகனார் அப்போது பிளேபோர்ட்டிலேயே வாழ்ந்தார். சிறுவனின் கூர்மையைக் கண்ட அவர், அவனைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு அனுப்புமாறு அம்மானுக்கு அறிவுரை கூறினார். 1819ஆம் ஆண்டில் எயரி அங்குள்ள திரினிற்றிக் கல்லூரியிற் புகுந்தார். கட்டணம் குறைத்துச் சேர்த்துக்கொள்ளப்படும் ஏழை மாணவர் வரிசையிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 1823ஆம் ஆண்டிற் கணிதத் தேர்வு எழுதிய அனைவரிலும் முதல்வராக வெளிவந்தார். அடுத்த ஆண்டு அக்கல்லூரியின் உறுப்பாசிரியரானார். 1826ஆம் ஆண்டில், ஒருகாலத்து நியூற்றன் வீற்றிருந்த கணிதப் பேராசிரியர் பீடம் இருபத்தைந்து வயதான இவ்விளைஞருக்குக் கிடைத்தது. அதன் ஊதியம் ஆண்டொன்றுக்கு 99 பவுண் மாத்திரமே. பெருமை பெரிது, பொருள் சிறிது.

அந்நாளிலே தம் இடக்கண் பொருள்களைச் செவ்வனே காட்டாமையை எயரி உணர்ந்தார். அது வெள்ளெழுத்தும் அன்று, கிட்டப்பார்வையும் அன்று. ஒளிப்புள்ளி ஒன்று அக்கண்ணுக்குக் கோடாக நீண்டு தோன்றிற்று. கண்ணின் வளைவு ஒருபால் மிக்கும் ஒருபால் குறைந்தும் இருத்தலே காரணமென அளந்து கண்டு, உருளை வடிவான வில்லையொன்றைக் கணக்கிட்டுச் செய்வித்து அணிந்தார். இன்று உலகெங்கும் எண்ணற்றோர் அணியும் அவ்வகைக் கண்ணாடிக்குத் தொடக்கம் இதுவே.

1824ஆம் ஆண்டில் டார்பிசயர்ப் பகுதியில் நடைப்பயணம் செய்தபோது, எடன்சோர் என்னும் ஊரின் மதகுருவாகிய ரிச்சட் ஸ்மித்தின் மகள் ரிச்சார்டாவைக் கண்டார். கண்ட இரண்டு நாளுள் மணம் பேசினார். வருவாய் போதாதெனத் தந்தையார் மறுத்தார். எயரி முணுமுணுக்கவில்லை, காத்திருந்தார். 1828ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜின் வானநூற் பேராசிரியராகவும் வானாய்வு நிலையத் தலைவராகவும் ஆகி, ஊதியத்தையும் உயர்த்துவித்த பின்னர், 1830ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நங்கையையே மணந்தார். காத்திருத்தல் அவர்க்கு இயல்பு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஈர்ப்பின் புதிர்

இனி, சுரங்கத்துள் அவரை இழுத்த புதிர் யாதெனக் காண்போம்.

பூமியின் ஈர்ப்பு, நடுவிடத்தை அணுக அணுக ஓயாது பெருகி, நடுவிலே அளவிறந்ததாகும் எனப் பலர் எண்ணுவர். நியூற்றன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலே அவ்வெண்ணத்தைக் கேத்திரகணிதத்தால் மறுத்தார். உள்ளீடற்ற பந்து ஒன்றினுள்ளே நிற்பவனை அப்பந்தின் ஓடு எப்பக்கமும் இழுப்பதில்லை. ஒருபக்கத்து ஓட்டை அவன் அணுகி நின்றால் அப்பக்கத்து இழுப்பு வலிதாகும். ஆயின் அங்குள்ள பரப்புச் சிறிது. எதிர்ப்பக்கம் தொலைவிலுள்ளது, ஆயின் அங்குள்ள பரப்புப் பெரிது. தொலைவால் வரும் குறைவும் பரப்பால் வரும் மிகுதியும் ஒத்துக் கழிந்துபோம். ஆகவே பூமியினுள் இறங்குபவனுக்கு, அவன் நிற்கும் மட்டத்துக்கு மேலுள்ள படைகள் யாவும் உரித்தெடுத்த வெங்காயத்தோல் போல இல்லாதனவே ஆகின்றன. அவனை இழுப்பது உள்ளே எஞ்சிய கோளம் மாத்திரமே.

பூமி முழுவதும் ஒரே அடர்த்தியுடையதாயின் கணக்கு எளிது. பாதித் தொலைவு இறங்கினாற் பாதி எடை. நடுவிடத்தை அடைந்தால் எடையே இல்லை. ஆனால் பூமி அவ்வாறு ஒரே பிண்டமாக இல்லையெனின் என் செய்வது? இறங்குபவனுக்கு இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நேர்கின்றன. மேலே விட்டுவந்த படையின் இழுப்பை இழக்கின்றான். நடுவிலுள்ள கனத்த பகுதியை அணுகுகின்றான். முன்னது ஈர்ப்பைக் குறைக்கும், பின்னது மிகுக்கும். இவ்விரண்டனுள் எது வெல்லும் என்பதற்கு ஒரு நியதி உண்டு. நிற்கும் இடத்துப் பாறையின் அடர்த்தி, அதற்கு உள்ளேயுள்ள கோளத்தின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்கினும் குறைந்ததாயின், இறங்க இறங்க ஈர்ப்பு மிகும். அதனினும் கூடியதாயின் ஈர்ப்புக் குறையும்.

இந்நியதியைத் திருப்பிப் பிடித்தால் அதுவே ஒரு துலாக்கோல். சுரங்கத்தின் மேலும் கீழும் ஈர்ப்பை அளந்து, இடைப்பட்ட பாறையின் அடர்த்தியையும் அறிந்தால், பூமி முழுவதன் அடர்த்தியையும் கணித்துவிடலாம். ஈர்ப்பை அளக்கும் கருவி ஊசலே. ஈர்ப்பு மிக்க இடத்தில் அது விரைந்து ஆடும். குறைந்த இடத்திற் சோர்ந்து ஆடும். எயரி இக்கருத்தைப் பற்றிக்கொண்டார்.

இரண்டு தோல்விகள்

1826ஆம் ஆண்டில், நண்பர் வில்லியம் ஹியூவெல்லுடன் கோர்ன்வால் பகுதிக்குச் சென்று, டொல்கோத் என்னும் செப்புச் சுரங்கத்தில் ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் ஊசலை அமைத்தார். ஊசல் நன்கு ஆடிற்று. அளவுகள் குறிக்கப்பட்டன. பின்னர்க் கருவிகளை வைக்கோலிற் பொதிந்து கூடையில் வைத்து மேலே தூக்கும்போது, அவ்வைக்கோல் தீப்பற்றிக் கொண்டது. கருவிகள் சுரங்கத்தின் அடியில் வீழ்ந்தன. முயற்சி புகையாய் முடிந்தது.

1828ஆம் ஆண்டில் மீண்டும் அவ்விடமே சென்றனர். இம்முறை சுரங்கத்தினுள் பாறை சரிந்தது. நீர் இறைக்கும் பொறி பழுதுற்றது. ஊசல் நின்ற இடத்தை வெள்ளம் கொண்டது. நெருப்பும் நீரும் தம்முள் முறைவைத்துக் கொண்டாற்போல, முதன்முறை ஒன்றும் மறுமுறை மற்றொன்றும் வந்து தடுத்தன. இரண்டு பூதங்களும் ஒருங்கே பகைத்த பின்னர் வேறொருவராயின் அவ்வெண்ணத்தையே கைவிட்டிருப்பர். எயரி கைவிட்டாரல்லர், ஒத்திவைத்தார்.

கிறீனிச்சின் தலைவர்

1835ஆம் ஆண்டில் எயரி அரச வானசாத்திரியாக நியமனம் பெற்றுக் கிறீனிச் வானாய்வு நிலையத்தின் தலைமையை ஏற்றார். 1881 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தனர்.

அவர் அந்நிலையத்தை ஒழுங்கின் கோயிலாக்கினார். பழைய அளவைகள் பல்லாண்டாகக் கணித்து முடிக்கப்படாமற் குவிந்துகிடந்தன. அவற்றையெல்லாம் இளைஞர் குழுவொன்றைக் கொண்டு கணித்து வெளியிட்டார். எத்தாளையும் கிழித்தெறியமாட்டார், யாவற்றையும் வகைப்படுத்திக் கட்டிவைப்பார். ஒருநாள் பிற்பகல் முழுவதும் இருந்து, வெறும் பெட்டிகளின்மேல் அவை வெறும் பெட்டிகள் என்று எழுதிய சீட்டுகளை ஒட்டினார் என ஒரு கதையும் வழங்குகின்றது. ஏவலாளர் அவரை அஞ்சினர், அன்புகொண்டோர் சிலரே. இரும்புக் கப்பல்களிலே திசைகாட்டி பிறழ்வதைத் திருத்தும் முறையை 1838ஆம் ஆண்டில் வகுத்தவரும் இவரே. மாலுமிகள் பலர் தம் உயிருக்கு இவருக்குக் கடன்பட்டவராவர்.

கிறீனிச்சில் அவர் நிறுவிய கருவிகளுள் தலையாயது, விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தை அளக்கும் பெருந்தொலைநோக்கி. 1851ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அதன் வழியே முதலளவை எடுக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டில் நாடுகள் பல வாசிங்டன் நகரிற் கூடி, அக்கருவியின் நடுவூடாகச் செல்லும் கோட்டையே உலகின் தொடக்க நெடுங்கோடாக ஏற்றன. இதனை நினைவிற் கொள்க, இறுதியில் வேண்டப்படும்.

நெப்தியூன் பழி

யுரேனஸ் என்னும் கோள் கணித்த வழியிற் செல்லாது பிறழ்ந்தது. அதனை அப்பாலிருந்து வேறொரு கோள் இழுக்கின்றது போலும் என ஐயுற்றுக் கணக்கிட்டவர், கேம்பிரிட்ஜ் இளைஞர் ஜோன் அடம்ஸ். 1845ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அவர் கிறீனிச்சுக்கு ஒரே நாளில் இருமுறை சென்றும் எயரியைக் காண இயலவில்லை. முடிபெழுதிய தாளை வைத்துவிட்டு மீண்டார். எயரி ஒரு விளக்கம் கேட்டு மடல் விடுத்தார். அடம்ஸ் மறுமொழி எழுதவில்லை. அடுத்த ஆண்டு பிரான்சு நாட்டு லெவெரியே அதே கணக்கை வெளியிட்ட பின்னரே, எயரி கேம்பிரிட்ஜில் தேடுமாறு ஏவினார். அங்கிருந்த சாலிஸ் அக்கோளை ஓகஸ்ட் மாதத்தில் இருமுறை கண்டும் கோளென அறியாது விட்டார். 1846ஆம் ஆண்டு செத்தெம்பர் 23ஆம் நாள் பெர்லினிலே காலே என்பார் அதனைக் கண்டறிந்தார்.

பழி முழுவதையும் எயரியின் தலைமேற் சுமத்தினர். குற்றம் அவர்பாற் சிறிதும் இல்லையென நாம் வாதிட முன்வரவில்லை. ஒழுங்கை உயிராகக் கொண்டோர், ஒழுங்கின் எல்லைக்கு அப்பால் வந்து கதவைத் தட்டும் புதுமையைச் சில வேளை கேளாதிருத்தல் உண்டு. ஆயினும் மறுமொழி எழுதாதவரும், கண்டும் அறியாதவரும் அப்பழியிற் பங்குடையரே. இனி, அதே ஒழுங்கு எட்டு ஆண்டுகளின் பின் எதனைச் சாதித்தது என்பதையும் எதிர்த்தட்டில் வைத்து நிறுத்தல் வேண்டும்.

ஹார்ட்டன் சுரங்கம்

முன்னைய இருமுறையும் பெருந்தொல்லையாக இருந்தது மேலும் கீழுமுள்ள மணிக்கூடுகளை ஒப்பிடுதல். கடிகாரத்தைக் கையிற் கொண்டு ஏணிவழியே ஏறி இறங்கினால், அசைவிலேயே அதன் நடை கெடும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று வினாடி வேறுபாட்டைத் தேடுவோர்க்கு அது பொறுக்கலாகாப் பிழை. இடைக்காலத்தில் மின்றந்தி தோன்றிற்று. ஒரே மின்துடிப்பை மேலும் கீழும் ஒரே கணத்திற் பெறலாம். காலம் தம் பக்கம் வந்துவிட்டதை எயரி உணர்ந்தார்.

1854ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தென் ஷீல்ட்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கம் தெரியப்பட்டது. ஆழம் 1,256 அடி. மீற்றரிற் சொல்வதாயின் ஏறத்தாழ 383. வானாய்வு நிலையங்கள் பலவற்றிலிருந்து வந்த ஆறு அளவையாளர், கிறீனிச்சைச் சேர்ந்த எட்வின் டன்கினின் மேற்பார்வையிற் பணிபுரிந்தனர். ஊசலொன்று நிலத்தின் மேல், மற்றொன்று அதற்கு நேர்கீழே சுரங்கத்தினுள். இரண்டும் ஒரே வேளையில் ஆடின. தந்திக்கம்பி இருபாலும் உள்ள மணிக்கூடுகளை இணைத்தது. இரவும் பகலும் முறைமாற்றி நோக்கினர். பின்னர் மேலிருந்த ஊசலைக் கீழும் கீழிருந்ததை மேலுமாக மாற்றி மீண்டும் நோக்கினர். ஊசலிற் குறை இருப்பின் அது இரு நிலையிலும் ஒத்துக் கழியட்டும் என்பதே கருத்து. வெறும் பெட்டிக்கும் சீட்டு ஒட்டிய அதே மனம் இங்கே தொழிற்படுதலைக் காண்க.

விடை ஐயத்துக்கு இடமின்றி வந்தது. கீழே ஆடிய ஊசல் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் வினாடி முந்திச் சென்றது. அஃதாவது சுரங்கத்தின் அடியில் ஈர்ப்பு, மேலுள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழ 19,286இல் ஒரு பங்கு மிக்கிருந்தது. மேலே ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் அங்கு இறங்கினால், விற்றராசு இரண்டரைக் கிராம் கூட்டிக் காட்டும். அவ்வளவே வேறுபாடு. ஆனால் அவ்விரண்டரைக் கிராம் பூமியின் இரகசியமொன்றைப் புலப்படுத்திற்று. மேற்பாறை இலேசானது, உள்ளே கனத்ததொன்று உறைகின்றது.

எயரி கணித்த பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 6.566 மடங்கு. இன்று நாம் அறிந்த அளவு 5.51. அவர்தம் எண் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மிகை. அவர்க்கு முன்னரே, 1798ஆம் ஆண்டில், கவென்டிஷ் என்பார் ஈயக் குண்டுகளின் இழுப்பைத் தம் அறையினுள் இருந்தே அளந்து, 5.48 என உண்மைக்கு மிக நெருங்கிய எண்ணைப் பெற்றிருந்தார். ஒரு சுரங்கத்தைச் சூழ்ந்த பாறைகளின் கனத்தை முற்ற அறிதல் அரிது. சிறிய வேறுபாட்டிலே பெரிய முடிபைத் தொங்கவிட்டால், சிறு பிழையும் பெரிதாகும். எண்ணளவில் எயரி தோற்றார் எனலாம். எனினும் இறங்க இறங்க ஈர்ப்பு மிகும் என்பதை ஊசலைக் கொண்டு ஐயமற நிறுவிக் காட்டிய பெருமை அவரதே.

இன்று அறிந்த பாதாளம்

எயரியின் ஊசல் 383 மீற்றரோடு நின்றது. அதன் கீழுள்ள ஆழத்தை அறிய ஊசல் உதவாது, பூகம்பமே உதவிற்று. நிலநடுக்க அலைகள் பூமியினூடு சென்று வரும் காலத்தைக் கொண்டு, உள்ளுறுப்புகளின் அடர்த்தியை 20ஆம் நூற்றாண்டினர் கணித்தனர். ஓல்டம் 1906ஆம் ஆண்டில் நடுவே ஒரு கருவுண்டு எனக் காட்டினார். குற்றன்பேர்க் அதன் எல்லையை ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் வகுத்தார். இங்கே லேமான் என்னும் தென்மார்க்குப் பெண்மணி, 1936ஆம் ஆண்டில் அக்கருவினுள்ளும் வேறோர் உட்கரு உண்டென வெளியிட்டார்.

இவற்றின் வழியே நாம் அறியும் செய்தி வியப்புக்குரியது. நிலத்தின் மேல் வினாடிக்கு வினாடி 9.8 மீற்றராக உள்ள ஈர்ப்பு, கற்பாறைப் படையூடாக ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் இறங்கினும் பெரிதும் மாறுவதில்லை. பத்தை ஒட்டியே நிற்கின்றது. கருவின் எல்லையை நெருங்குங்கால் ஏறத்தாழ 10.7 வரை உயர்கின்றது. அதுவே உச்சம். மேலே நூறு கிலோ காட்டும் பொருள் அங்கே 109 கிலோ காட்டும். அவ்வெல்லையைக் கடந்து இரும்புக் கருவினுட் புகுந்தபின், நியூற்றன் உரைத்த பழைய கணக்குப் பெரும்பாலும் பொருந்துகின்றது. ஈர்ப்புப் படிப்படியாகத் தேய்ந்து நடுவிடத்திலே ஒன்றுமில்லாதொழிகின்றது. எப்பக்கத்து இழுப்பும் எதிர்ப்பக்கத்து இழுப்பால் ஈடுபடுதலின், அவ்விடத்து யாதொன்றுக்கும் எடையில்லை.

எடையில்லையெனின் அங்கே பொருள்கள் தளர்ந்து மிதக்கும் என எண்ணற்க. எடை வேறு, அமுக்கம் வேறு. நடுவிடத்துப் பொருளுக்குத் தன் எடை இல்லை. ஆயின் அதனைச் சூழ்ந்த படைகள் யாவும் தத்தம் எடையால் உள்நோக்கி நெருக்குகின்றன. ஆதலால் ஈர்ப்பு ஒழிந்த அவ்விடத்திலேயே அமுக்கம் உச்சமடைகின்றது; நம்மைச் சூழ்ந்த வளியின் அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 36 இலட்சம் மடங்கு. மாணவர் இவ்விரண்டையும் மயங்காது பிரித்துணர்தல் வேண்டும்.

மலைக்கு வேர் உண்டு

ஹார்ட்டனுக்குப் பின், 1855ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எயரி சிறு கட்டுரை ஒன்று எழுதினார். அதற்குக் காரணம் இந்தியா. 1802ஆம் ஆண்டு சென்னையில் லாம்டன் தொடங்கி, எவரெஸ்ட் தொடர்ந்த பெருநில அளவையின்போது, வடக்கேயுள்ள கலியானாவுக்கும் நடுநாட்டுக் கலியான்பூருக்கும் இடைப்பட்ட தொலைவை நிலத்தில் அளந்த கணக்கும், விண்மீனை நோக்கி அளந்த கணக்கும் ஒவ்வாதிருந்தன. வேறுபாடு 5.236 விகலை. இமயமலை தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்தமையே காரணம் என்றனர். கல்கத்தாவின் திருச்சபை அதிகாரி பிராற் என்பார், மலையின் பருமனைக் கணித்து, வேறுபாடு 15.885 விகலை ஆதல் வேண்டும் என்றார். இமயம் இழுக்கவேண்டிய அளவில் மூன்றிலொரு பங்கே இழுத்தது. எஞ்சியது எங்கே?

எயரியின் விடை எளிமையும் அழகும் வாய்ந்தது. நீரில் மிதக்கும் மரங்களுள் ஒன்று மற்றவற்றினும் உயர்ந்து தோன்றுமாயின், அது நீருள்ளும் மற்றவற்றினும் தாழ்ந்து அமிழ்ந்திருத்தல் வேண்டும். மலையும் அத்தகையதே. அதன் இலேசான பாறை, கனத்த கீழ்ப்படையினுள் ஆழ வேரூன்றி மிதக்கின்றது. மேலே ஓங்கிய மலையின் மிகையான இழுப்பை, கீழே கனம் குறைந்த வேர் ஈடுசெய்கின்றது. இமயத்தின் அடியில் மேலோடு மிகத் தடித்திருத்தலைப் பிற்காலத்து ஆய்வுகள் உறுதிசெய்தன.

ஈழத்தவராகிய நமக்கும் இதிலே தொடர்புண்டு. பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே படித்தாக இன்மையின், கடல் மட்டமும் எங்கும் சமமாக இல்லை. உலகிலேயே அம்மட்டம் மிகத் தாழ்ந்த பள்ளம் நம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. செப்பமான நீள்கோள வடிவத்திலிருந்து அங்குக் கடல் ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத அப்பள்ளத்தின் காரணத்தை ஆய்வாளர் பூமியின் ஆழத்திலே தேடுகின்றனர்.

முதுமை

எயரியின் முதுமை இன்பம் நிறைந்ததன்று. ஒன்பது மக்களுள் மூவர் முன்னரே இளமையில் இறந்தனர். 1872ஆம் ஆண்டில் அரசு அவர்க்கு வீரப்பட்டம் அளித்தது. 1875ஆம் ஆண்டில் ரிச்சார்டாவும் மறைந்தார். 1879ஆம் ஆண்டு திசெம்பர் 28ஆம் நாள் புயலில் ரே ஆற்றுப் பாலம் சரிந்து, புகைவண்டியோடு வீழ்ந்து மக்கள் பலர் மாண்டபோது, காற்றின் அமுக்கம்பற்றி அவர் வேறொரு பாலத்துக்குக் கூறியிருந்த மதிப்பும் விசாரணையில் இழுக்கப்பட்டது.

1881இல் ஓய்வு பெற்றும் ஓயவில்லை. சந்திரனின் செலவைக் கணிக்கும் பெரும்பணியை முன்னரே தொடங்கியிருந்தார். 1886ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தபோது, அதன் முடிபுகள் ஒத்துவராமையை அவரே கண்டார். எங்கோ ஒரு பிழை புகுந்துவிட்டது. எண்பத்தைந்து வயதில் அதனைத் தேடிக் களைய வலுவில்லை. மறைக்கவில்லை, பிழை உளது என்று அந்நூலிலேயே வெளிப்பட எழுதினார். தம் வாழ்நாளின் கடைசிப் பெருநூலைத் தாமே குறையுடையதெனக் கூறுதற்கு எத்துணை மனத்திண்மை வேண்டும் என்பதை நூல் செய்வோர் அறிவர். 1892ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், தொண்ணூறு வயதில் காலமானார். அம்மானின் ஊராகிய பிளேபோர்ட்டிலேயே அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

கோடு காட்டும் உண்மை

கிறீனிச்சுக்குச் செல்வோர் இன்று எயரியின் நெடுங்கோட்டின் இருபுறமும் காலூன்றி நின்று மகிழ்வர். ஆனால் கையிலுள்ள செய்ம்மதித் திசையறி கருவியை நோக்கினால், அது சுழியத்தைக் காட்டாது. இன்றைய சுழியக்கோடு அங்கிருந்து ஏறத்தாழ 102 மீற்றர் கிழக்கே செல்கின்றது. எயரி அளந்தது பிழையா? அன்று. அவர் தம் தொலைநோக்கியை நேர்நிறுத்தப் பாதரசத் தட்டின் மட்டத்தை நம்பினார். அம்மட்டத்தை அமைப்பது அவ்விடத்து ஈர்ப்பு. நிலத்தினுள்ளே கனம் சமனின்றிப் பரந்திருத்தலால், அவ்விடத்துச் செங்குத்துத் திசை சற்றே சாய்ந்துள்ளது. செய்ம்மதிகளோ பூமியின் நடுவிடத்தையே கணக்கின் அடியாகக் கொண்டன. அந்நுண்ணிய சாய்வே 102 மீற்றராக விரிந்தது.

பாதாளத்தின் கனத்தை அளக்க இருபத்தெட்டு ஆண்டுகள் முயன்றவரின் கோட்டையே, பாதாளத்தின் கனம் மெல்லச் சாய்த்து வைத்திருந்தது. அவர் காலத்துக் கருவிகளைக் கொண்டு அதனை அறிய வழியில்லை. அறிந்திருப்பின் வருந்தியிரார், அச்சாய்வையும் அளந்து, சீட்டு எழுதி, உரிய பெட்டியில் இட்டிருப்பார்.

நெப்தியூனை நழுவவிட்டவர் என்று மாத்திரம் அவரை அறிந்த மாணவர்க்கு ஆசிரியர் இதனையும் கூறுக. திடீரெனத் தோன்றும் ஒளியைக் காணும் கண் ஒருவகை. தீயும் வெள்ளமும் தடுத்த பின்னும் அதே வினாவை மறவாது வைத்திருக்கும் நெஞ்சு வேறொரு வகை. அறிவுலகம் இரண்டாலும் நடைபெறுகின்றது. பின்னதற்குப் புகழ் குறைவு, பயன் குறைவன்று.